வலிக்காத புண்: புருலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புருலி புண் என்றால் என்ன?

மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் என்ற பாக்டீரியா தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் குடியேறி, அதை மெல்ல மெல்லச் சாகடிப்பதால் வரும் புண். காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் இது பங்காளி. அந்தக் குடும்பம் மனிதருக்குக் கொண்டுவரும் நோய்களில் அந்த இரண்டுக்கும் அடுத்த இடம் புருலிக்கு. உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் கவனிக்காமல் விட்டால் முட்டியையோ முழங்கையையோ நிரந்தரமாக மடக்கி வைத்துவிட்டுப் போகும்.

உகாண்டாவில் மருத்துவம் பார்த்த ஆல்பர்ட் குக் 1897-லேயே இத்தகைய புண்களைக் குறித்து வைத்திருக்கிறார். கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டியது ஆஸ்திரேலியாவில் பீட்டர் மெக்கல்லமும் அவருடைய குழுவினரும், 1948-ல். விக்டோரியா மாநிலத்தின் பேர்ன்ஸ்டேல் பகுதி நோயாளிகளிடம் இருந்து கிடைத்ததால் அங்கே இன்னும் 'பேர்ன்ஸ்டேல் புண்' என்பவர்கள் உண்டு. 1960-களில் உகாண்டாவின் புருலி வட்டாரத்தில் நிறையப் பேருக்கு வரவே, உலகம் முழுக்க அந்தப் பெயர் நிலைத்தது.

எந்தெந்த நாடுகளில் இருக்கிறது?

33 நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பெரும் சுமை மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில்: ஐவரி கோஸ்ட், கானா, பெனின், நைஜீரியா, காமரூன், காங்கோ. மெல்ல ஓடும் ஆறு, சதுப்பு, தேங்கிய நீர் ஆகியவற்றை ஒட்டிய கிராமங்கள்தான் அதன் இருப்பிடம். அங்கே நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள்.

இன்னொரு பெரிய இடம், யாரும் எதிர்பாராத ஆஸ்திரேலியா. பணக்கார நாடு, நல்ல குடிநீர், நல்ல வீடு. அப்படியும் விக்டோரியாவில் 2018-ல் 340 பேருக்கும் 2023-ல் 363 பேருக்கும் வந்தது. மார்னிங்டன் தீபகற்பம், பெல்லரைன் தீபகற்பம், ஜீலாங், பிறகு மெல்பர்னின் உள்வட்டப் புறநகர்கள் என்று அது நகர்ந்துகொண்டே வருகிறது. அங்கே நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும்தான் அதிகம் வருகிறது. குயின்ஸ்லாந்தின் வடகோடியில் உள்ள டெயின்ட்ரீயிலும் உண்டு. ஜப்பானில் ஆண்டுக்குச் சிலர்.

இந்தியாவும் இலங்கையும் இந்நோய் வழக்கமாகப் பதிவாகும் நாடுகள் அல்ல. ஆனால் மெல்பர்னில் நம்மவர்கள் ஏராளம். இந்தப் பக்கம் முதலில் அவர்களுக்காகத்தான்.

புண் இவ்வளவு பெரிதாக இருந்தும் ஏன் வலிப்பதில்லை?

இந்த நோயின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. கிருமி மைக்கோலாக்டோன் என்ற நச்சைச் சுரக்கிறது. 1999-ல் அடையாளம் கண்டார்கள். அது மூன்று வேலை செய்கிறது. சுற்றியுள்ள செல்களைச் சாகடிக்கிறது. நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பத் தேவையான புரதங்களை வெளியே விடாமல் தடுக்கிறது. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பையும் மரத்துப்போக வைக்கிறது.

ஆக, சாதாரணக் கொப்புளம் வந்தால் நம்மை டாக்டரிடம் ஓட வைக்கும் வலி, சூடு, காய்ச்சல், சீழ் எதுவுமே இங்கே பெரும்பாலும் வராது. திருடன் வீட்டுக்குள் வரும்போதே நாயின் வாயைக் கட்டிவிட்டு வருகிறான். வலி இல்லை, எனவே ஆறிவிடும் என்று மூன்று மாதம் காத்திருப்பதுதான் நோயாளிகள் செய்யும் முதல் தவறு. சிலருக்கு வலி இருக்கும். மூட்டு மேலே வந்தாலோ வேறு கிருமி உள்ளே புகுந்தாலோ நன்றாகவே வலிக்கும். ஆகவே வலிக்கிறது என்பதற்காகப் புருலி இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது.

எப்படித் தொடங்கும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் ஒரு சிறு சிவந்த பரு. கொசுக்கடி என்றே நினைப்பீர்கள். ஆனால் கொசுக்கடி ஒரு வாரத்தில் மறையும், இது மறையாது. ஆப்பிரிக்காவில் தோலுக்கடியில் உருளும் வலியற்ற கட்டியாகத் தொடங்குவது வழக்கம். சிலருக்குக் கட்டியே இல்லாமல் தோல் ஒரு பட்டையாகத் தடித்து இறுகும். இன்னும் சிலருக்குக் கை அல்லது கால் முழுவதும் வீங்கும். இந்த வீக்க வகைதான் மோசமானது, நாள்கணக்கில் பரவக்கூடியது.

சில வாரங்களில் பரு நடுவில் உடைந்து பொருக்குக் கட்டும். பொருக்கு விழுந்தால் அடியில் குழி. குழியின் தரையில் பஞ்சைப் பிசைந்து அப்பியதுபோல வெள்ளையும் மஞ்சளுமாகச் செத்த கொழுப்பு தெரியும். புண்ணின் ஓரத்தைக் கவனியுங்கள்: மேலே தோல் நன்றாக இருப்பதுபோல் இருக்கும், அடியில் குடைந்து போயிருக்கும். ஆற்றங்கரையில் மேல்மண் நிற்க, நீர் அடிமண்ணை அரித்துக்கொண்டு போயிருக்குமே, அதே அமைப்பு. வெளியே ஐந்து ரூபாய் நாணயம் அளவு தெரியும் புண் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கலாம்.

இடம்: பாதிக்கும் மேற்பட்டவை காலில், மூன்றில் ஒன்று கையில். விக்டோரியாவில் கணுக்காலும் முழங்கையும் அதற்குப் பிடித்த இடங்கள். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் வருவது அபூர்வம். கிருமி 29 முதல் 33 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் நன்றாக வளரும். உடலின் உள்வெப்பம் 37. தோல் அதைவிடக் குளிர்ச்சி. அதனால்தான் அது குடலுக்கோ நுரையீரலுக்கோ போகாமல் தோலோடு நின்றுகொள்கிறது. முற்றிய நிலையில் சிலருக்கு எலும்பைத் தொடும்.

சர்க்கரைப் புண்ணும் வலிக்காதே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நியாயமான கேள்வி. சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்காலில், செருப்பு அழுத்தும் இடத்தில், சுற்றிலும் தோல் காய்த்துப்போய் வரும். பாதம் ஏற்கெனவே மரத்திருக்கும். நாளப் புடைப்பால் (வெரிகோஸ் வெயின்) வரும் புண் உள்கணுக்காலுக்குச் சற்று மேலே, கறுத்துப்போன தோலின் நடுவே, சரிவான ஓரத்தோடு இருக்கும். தொழுநோய்ப் புண்ணும் உள்ளங்காலில்தான். வெப்பநாட்டுப் புண் எனப்படுவது கடுமையாக வலிக்கும், நாறும், ஓரம் குடைந்திருக்காது. புருலிக்கு அந்தக் குடைந்த ஓரமும், நாற்றமின்மையும், மந்தமாகப் பெரிதாகும் போக்கும் துப்புகள்.

கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. சர்க்கரை உள்ள மெல்பர்ன்வாசிக்குப் புருலியும் வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

எப்படிப் பரவுகிறது?

ஆப்பிரிக்காவில் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. நீர்நிலையோடு தொடர்பு உண்டு என்பது மட்டும் உறுதி.

விக்டோரியாவில் விடை ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. மரத்தில் வாழும் பாஸம் என்ற விலங்குக்கு இந்த நோய் வருகிறது. அதன் எச்சத்தில் கிருமி வெளியேறுகிறது. (எழுத்தைப் பார்த்து அன்பு என்று எண்ணிவிட வேண்டாம், பூனை அளவில், வீட்டுக் கூரையில் இரவெல்லாம் ஓடித் தூக்கத்தைக் கெடுக்கும் பிராணி.) பாஸத்துக்கும் மனிதருக்கும் நடுவே ஆள் பிடித்துக் கொடுப்பது கொசு என்பதை 2024 தொடக்கத்தில் வெளியான விக்டோரிய ஆய்வு வலுவாகக் காட்டியது. கொசுவின் பெயர் ஏடிஸ் நோட்டோஸ்க்ரிப்டஸ். நம் ஊர் டெங்கு கொசுவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதைப் போலவே பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், அடைத்த கூரைக் குழாய் ஆகியவற்றில் தேங்கும் நீரில் பெருகும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. தனித் தட்டு, தனிப் படுக்கை எதுவும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கலாம், சமைக்கலாம். வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால் இருவரும் ஒரே இடத்தில் கடிபட்டார்கள் என்று பொருள்.

கடிபட்டு எத்தனை நாளில் புண் வரும்?

நாளில் அல்ல, மாதத்தில். விக்டோரியாவில் சராசரி நான்கு முதல் ஐந்து மாதம். ஜனவரி விடுமுறையில் கடற்கரைக்குப் போனவருக்குப் பரு எழும்புவது மே, ஜூனில். அதற்குள் அந்தப் பயணமே மறந்துபோயிருக்கும். டாக்டரிடம் போகுமுன் கடந்த ஒரு வருடத்தில் எங்கெங்கே தங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

என்ன டெஸ்ட்? ஏன் சிலருக்கு முதல் டெஸ்டில் 'இல்லை' என்று வருகிறது?

பிசிஆர் சோதனை. கிருமியின் மரபுப்பொருளில் ஐஎஸ்2404 என்ற துண்டைத் தேடுவது. சில நாளில் முடிவு தெரியும். அதைவிடப் பழைய வழியான வளர்ப்புச் சோதனைக்கு (கல்ச்சர்) 9 முதல் 12 வாரம் ஆகும். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்தில்தான். பஞ்சுக்குச்சியைப் புண்ணின் நடுவில் லேசாகத் துடைத்து எடுத்தால் அதில் ஒன்றும் இராது. கிருமி ஒளிந்திருப்பது குடைந்த ஓரத்துக்கு அடியில். குச்சியை அந்த ஓரத்துக்குள் நுழைத்து, சுற்றிலும் ஓட்டி, பஞ்சில் கண்ணுக்குத் தெரியும்படி கசடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். பொருக்கு மூடியிருந்தால் முதலில் அதை ஊறவைத்து எடுக்க வேண்டும். உடையாத கட்டிக்கும் பட்டைக்கும் வீக்கத்துக்கும் மேலே தடவிப் பயனே இல்லை. ஊசியால் உறிஞ்சவோ சிறு துண்டு தசை வெட்டியெடுக்கவோ வேண்டும். அந்தத் துண்டைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிட்டால் பிசிஆருக்கு உதவாது, நுண்ணோக்கிச் சோதனைக்கு மட்டுமே ஆகும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு துண்டு.

சீட்டில் 'காயம், கல்ச்சர்' என்று மட்டும் எழுதினால் ஆய்வகம் வழக்கமான கிருமிகளைத்தான் தேடும். 'மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் பிசிஆர்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் முடிவு 'இல்லை' என்று வந்தும் புண் ஆறாமல் பெரிதானால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

என்ன மருந்து, எத்தனை நாள்?

இரண்டு ஆன்டிபயாட்டிக், 8 வாரம், அதாவது 56 நாள். ரிஃபாம்பிசின் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினம் ஒரு வேளை. கிளாரித்ரோமைசின் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், தினம் இரு வேளை. 60 கிலோ பெரியவருக்கு ரிஃபாம்பிசின் 600, கிளாரித்ரோமைசின் கணக்குப்படி 450, மாத்திரை அளவுக்கு ஏற்ப 500 இருமுறை என்று வரும். 20 கிலோ பிள்ளைக்கு 200-ம், 150 இருமுறையும். ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்குக் கிளாரித்ரோமைசினுக்குப் பதில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் 400 கொடுப்பதும் உண்டு. பிள்ளைகளுக்கு அது கிடையாது. அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். சீட்டு சரியாக இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கணக்கு.

முன்பு நிலைமை வேறு. 2004 வரை வெட்டி எடுப்பதுதான் சிகிச்சை. பிறகு ரிஃபாம்பிசினோடு தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்தது. 56 நாளும் கிராமத்திலிருந்து நடந்து வந்து ஊசி போட்டுக்கொண்டு போன பிள்ளைகளில் சிலருக்குக் காது கேட்கும் திறன் குறைந்தது. ஊசி இல்லாமல் மாத்திரை மட்டுமே அதற்கு ஈடாக வேலை செய்கிறது என்று கானாவிலும் பெனினிலும் நடந்த ஆய்வு 2020-ல் நிறுவியது.

மாத்திரை சாப்பிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்: உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ. சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும். ரத்தம் போகிறது என்று பதற வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அந்த இரண்டு மாதம் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். கறை ஏறினால் போகாது.

அதைவிட முக்கியம், ரிஃபாம்பிசின் மற்ற மருந்துகளைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகும். வேறு முறை வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அளவு மாற்ற வேண்டும். சர்க்கரை மாத்திரை சிலவற்றின் வீரியம் குறையும். வீட்டில் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். கிளாரித்ரோமைசினோடு கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் சேரவே கூடாது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் இழுத்து வலித்தால் உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். கண் மஞ்சளானாலும் அப்படியே. கர்ப்பம் என்றால் மருந்து எழுதுமுன் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை போட்ட பிறகு புண் இன்னும் பெரிதாகிறதே, மருந்து பலிக்கவில்லையா?

பெரும்பாலும் பலிக்கிறது என்பதே பொருள். கிருமி சாகச் சாக நச்சு குறையும். அதுவரை வாயடைத்துக் கிடந்த எதிர்ப்பு சக்தி ஒரே மூச்சில் எழுந்து மோதும். புண் சிவக்கும், வீங்கும், சீழ் வரும், முதல்முறையாக வலிக்கும். பக்கத்தில் புதுப் புண்கூட வரலாம். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, மருந்து தொடங்கிச் சில வாரம் கழித்து இப்படி நடக்கிறது. 'முரண் எதிர்வினை' என்பார்கள். கடுமையாக இருந்தால் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் வெட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்தால் வேறு கிருமி புகுந்ததா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று: 56-ம் நாள் புண் மூடியிருக்காது. மருந்து முடிந்தது என்றால் கிருமியின் கதை முடிந்தது, அவ்வளவுதான். பள்ளம் நிரம்பித் தோல் மூடப் பல மாதம் ஆகும். பெரிய புண்ணுக்கு ஒரு வருடமும் ஆகலாம். அதுவரை மாத்திரையை நீட்டிக் கேட்பதில் பயனில்லை.

புண்ணை எப்படிக் கழுவிக் கட்டுவது?

உப்புக்கரைசல் அல்லது சுத்தமான குழாய் நீர் போதும். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் ஸ்பிரிட்டும் புதிதாக முளைக்கும் தசையை எரித்துவிடும். தோலில் ஒட்டாத டிரெஸ்ஸிங்கை முதலில் வைத்து, மேலே நீரை உறிஞ்சும் பஞ்சுப்பட்டை, அதன்மேல் சுற்றுக்கட்டு. ஈரம் இருக்க வேண்டும், ஊறக் கூடாது. கட்டின் வெளிப்புறம் நனைந்து தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உலர்ந்த காஸ் துணியை நேரடியாக வைத்தால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிய்க்கும்போது ஒரு வார வளர்ச்சி துணியோடு போய்விடும்.

உட்காரும்போது காலை இடுப்பு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். வீக்கம் இறங்காத புண் ஆறாது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

அறுவை தேவையா?

5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட புண் பெரும்பாலும் மாத்திரையிலேயே ஆறும். 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, கண், மூட்டு போன்ற இடங்களில் உள்ளது, எலும்பைத் தொட்டது ஆகியவற்றுக்குச் செத்த தசையை அகற்றித் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிவரும். மருந்து சில வாரம் வேலை செய்த பிறகு வெட்டினால் வெட்டும் அளவு குறையும்.

மூட்டு மடங்கிப் போவதை எப்படித் தடுப்பது?

ஆப்பிரிக்காவில் இந்த நோய் விட்டுப்போகும் ஊனம் பெரும்பாலும் புண்ணால் அல்ல, ஆறிய தழும்பு சுருங்கி இழுப்பதால். முட்டிக்குப் பின்னால் புண் உள்ள பிள்ளை, சுகமாக இருக்கிறது என்று காலை மடக்கியே படுக்கும். அப்படியே தழும்பு இறுகினால் கால் நீளாது. எனவே முதல் நாளிலிருந்தே: படுக்கும்போது முட்டி நேராக, முட்டிக்கடியில் தலையணை கூடாது, முழங்கை நேராக, பாதம் கணுக்காலில் 90 டிகிரியில், மட்டை வைத்துக் கட்டி. பகலில் சில முறை மூட்டை முழு வீச்சுக்கு மடக்கி நீட்ட வேண்டும். ஆறிய தழும்பில் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடலாம். தோல் ஒட்டியவர்கள் எப்போது ஆரம்பிப்பது என்று அறுவை டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பற்று, வேப்பெண்ணெய், நாட்டு மருந்து?

கிருமி இருப்பது தோலுக்கு அடியில், கொழுப்பில். மேலே தடவுவது அங்கே எட்டாது. மஞ்சள் பூசிய புண்ணின் நிறத்தை வைத்து டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாமல் போவதுதான் மிச்சம்.

காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருக்கிறது. பாதுகாப்பு உண்டா?

கொஞ்சம் இருக்கலாம், அதுவும் குறுகிய காலத்துக்கு. தோளில் தழும்பு இருப்பதை நம்பி இருக்க வேண்டாம். புருலிக்கென்று தனித் தடுப்பூசி கிடையாது.

மெல்பர்னில் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

வாரம் ஒருமுறை தொட்டித் தட்டு, வாளி, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். கூரைக் குழாயில் அடைத்த இலையை வாருங்கள். மழைநீர்த் தொட்டியின் வாயில் வலை. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடப் போனாலும் முழுக்கை, முழுக்கால் உடை. வெளியே தெரியும் தோலில் டீட் அல்லது பிக்காரிடின் உள்ள கொசு மருந்து. இந்தக் கொசு பகலிலும் கடிக்கும். தோட்டவேலை முடிந்ததும் கீறல்களைச் சோப்புப் போட்டுக் கழுவி மூடுங்கள். விக்டோரியாவில் இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்; டாக்டர் அறிவித்தால் சுகாதாரத் துறையிலிருந்து அழைத்து எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள். குற்றம் சொல்ல அல்ல, அடுத்த தெரு எது என்று தெரிந்துகொள்ள.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் பரு உடைந்து புண்ணாகிவிட்டது. சென்னை டாக்டரிடம் என்ன சொல்வது?

அவர் இந்த நோயை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை, தோல் காசநோய், சாதாரணச் சீழ்ப்புண் என்றுதான் முதலில் யோசிப்பார். நம் ஊருக்கு அது சரியான வரிசையும்கூட. நீங்கள் சொல்ல வேண்டியது மூன்று வரி: எந்த ஊரில் வசிக்கிறேன், பரு எப்போது வந்தது, முதலிலிருந்தே வலி இல்லை. ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ பக்கத்தில் வைத்து வாரம் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் வளரும் வேகம் அவருக்கு ஒரே பார்வையில் புரியும். தசைத்துண்டு எடுத்தால் ஃபார்மலினில் ஒன்று, ஃபார்மலின் இல்லாமல் ஒன்று என்று கேளுங்கள். அதில் காசநோய் போன்ற கம்பி வடிவக் கிருமி தெரிந்தால், காசநோய் மருந்து முழுத்தொகுப்பையும் தொடங்குமுன் எந்தக் கிருமி என்று பிசிஆர் பார்த்துவிடுவது நல்லது. திரும்பும் டிக்கெட் இரண்டு வாரத்துக்குள் இருந்தால், மாதிரி கொடுத்துவிட்டு, ஒட்டாத கட்டுப் போட்டுக்கொண்டு, போய் இறங்கியதும் முதல் வேலையாக உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். வீக்கம் வேகமாகப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டிக்கெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.